கடுகு எடுக்காத அழைப்புகள்

கடுகு என்பது லேபில் அவளுக்கு வைத்த பெயர். ஆள் குள்ளம், பேச்சில் காரம், கொஞ்சம் சூடு பட்டால் போதும், வெடித்துவிடுவாள். முதுகுக்குப் பின்னால்தான் அந்தப் பெயர் புழங்கியது. அது அவள் காதில் விழுந்த அன்றைக்கே கவுண்டர் முன்னால் போய் நின்று, "கடுகுனு கூப்பிடணும்னா நேராவே கூப்பிடுங்க, முணுமுணுன்னு பேசிட்டு இருந்தா எனக்கு வேலை ஓடாது" என்று சொல்லிவிட்டு வந்தாள். அதற்கப்புறம் முதலாளியிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லாருக்கும் அவள் கடுகுதான். கட்டின புருஷனும் அதையே பிடித்துக்கொண்டார் என்பதில்தான் அவளுக்கு ஆறாத எரிச்சல்.

ரத்தப் பரிசோதனை லேபின் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வருகிறவர்களின் பெயர், பதிவு எண், என்ன சோதனை, என்ன முடிவு, எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. லேபுக்கு அங்கங்கே கிளைகள் உண்டு. அத்தனை கிளைக்கும் பெட்டி ஒன்றுதான். பெட்டி நன்றாக இருக்கிறவரை கடுகு என்று ஒருத்தி இருப்பதே யாருக்கும் நினைவிராது. பெட்டி படுத்துவிட்டால் அத்தனை பேருக்கும் அவள் நினைப்புதான். மாடிப்படிக்கு அடியில், முன்பு வாளியும் துடைப்பமும் வைத்திருந்த இடத்தை அவளுக்கு அறையாகக் கொடுத்திருந்தார்கள். பினாயில் வாசனை இன்னும் போகவில்லை. சர்வருக்காக ஏசி ஓயாமல் ஓடும். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே கடுகு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சியபடி உட்கார்ந்திருப்பாள்.

அன்றைக்கு முதல் கோபம் வீட்டில் சாப்பாட்டு மேஜையிலேயே வந்தது. தட்டில் கை வைக்கவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. தெரியாத நம்பர்.

"ஹலோ, லேபுங்களா?" என்றது ஓர் ஆண் குரல். பின்னால் ஒரே வண்டிச் சத்தம். "ரிப்போர்ட் ரெடியாயிடுச்சான்னு..."

"ராங் நம்பர்."

"இல்லம்மா, சீட்டுல இந்த நம்பர்தான்..."

"சீட்டாவது கீட்டாவது! நேத்தும் நீங்கதானே கூப்பிட்டீங்க? இது லேப் இல்ல, வீடு. இன்னொரு தடவை கூப்பிட்டீங்கன்னா போலீஸ்ல சொல்லிடுவேன். வைங்க!"

வைத்த கையோடு அந்த நம்பர் இனி வராதபடி அடைத்தும் விட்டாள். எதிரே அவள் கணவர் நிதானமாக மென்றுகொண்டிருந்தார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் தொழில். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறவர்களுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து, எதற்குமே பதறாத மனிதராகிவிட்டார். வீட்டில் ஒருவராவது அப்படி இருந்து தொலைக்கட்டும் என்று கடுகும் விட்டுவிட்டாள்.

"இன்னைக்கு உனக்கு என்ன ரிப்போர்ட் வந்திருக்கு?" என்றார்.

"எரிச்சலைக் கிளப்பாதீங்க."

விஷயம் இதுதான். பரிசோதனை முடிவு தயாரானால் சர்வரிலிருந்து வாடிக்கையாளர் போனுக்குத் தானாக ஒரு மெசேஜ் போகும். பெயர் இருக்காது, பதிவு எண்ணும், தொட்டால் ரிப்போர்ட் திறக்கிற ஓர் இணைப்பும் மட்டும். யார் யாருக்கோ போகவேண்டிய அந்த மெசேஜ்கள் பல வருஷமாகக் கடுகின் போனுக்கு வந்து கொட்டிக்கொண்டிருந்தன. ஒரு நாள் கணவர் ஒன்றைத் திறந்து படித்துவிட்டு, "உன் ப்ராஸ்டேட் நல்லா இருக்காம், கவலையே வேண்டாம்" என்று சொன்னதிலிருந்து வீட்டில் அது தீராத கேலி. மெசேஜ் அனுப்பும் கம்பெனிக்காரர்கள் ஆரம்பத்தில் சோதித்துப் பார்க்க அவள் நம்பரை வாங்கியிருந்தார்கள். அதை எடுக்காமல் விட்டதால் வந்த வினை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அவர்களைக் கூப்பிட்டுச் சண்டை போட்டாள். "எங்க பக்கம் எந்தப் பிரச்சினையும் இல்ல மேடம்" என்றார்கள். உலகத்திலேயே கடுகு வெறுக்கும் வாக்கியம் அது. கவுண்டரில் யாரோ தன் நம்பரை ஊருக்கெல்லாம் கொடுக்கிறார்கள் என்று அங்கேயும் போய்ச் சண்டை போட்டாள். யாருக்குமே கொடுக்கவில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஒரு நாள் உட்கார்ந்து தோண்டியிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். அந்த ஒரு நாள் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. மெசேஜ்கள் கண்ணில் படாமல் நேரே ஒதுக்குப் பெட்டிக்குள் விழுகிற மாதிரி செய்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

லேபுக்குள் நுழையும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. நாற்காலிகளெல்லாம் நிறைந்து, சுவரோரம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். எந்நேரமும் கரகரவென்று ஓடும் பிரிண்டர் வாயை மூடிக்கொண்டிருந்தது. கவுண்டரில் எல்லாருக்கும் மூத்தவளான கவுண்டர் அக்கா அவளைப் பார்த்ததும் கையை விரித்தாள்.

"போயிடுச்சு கடுகு."

"யாரு?"

"உன் பெட்டிதான். ஏழு மணிக்கு வந்ததுலேருந்து ஒரு ரிப்போர்ட் எடுக்க முடியல. இவரு வேற பாவம் நின்னுட்டே இருக்காரு."

கவுண்டர் அக்கா காட்டிய ஆள், காதில் பட்டைப் பென்சில் செருகிய ஒரு தச்சர். சட்டையில் மரத்தூள். கையில் நாலாக மடித்த சீட்டு. மனைவியை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார், கர்ப்பப்பையில் கட்டி, இன்றைக்கு ஆபரேஷன். ரத்தம் சரியாக உறைகிறதா என்ற ரிப்போர்ட் இல்லாமல் டாக்டர் கத்தியைத் தொடமாட்டேன் என்கிறார். பன்னிரண்டு மணிக்குள் ரிப்போர்ட் போகாவிட்டால் அந்த நேரம் வேறு ஆளுக்குப் போய்விடும். அடுத்த தேதி அடுத்த மாதம்தான். இதையெல்லாம் கவுண்டர் அக்காதான் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டு நின்றார்.

"இத்தனை நாளா என்ன பண்ணீங்க? ரத்தம் எப்ப குடுத்தாங்க?" என்றாள் கடுகு.

அவள் குரலைக் கேட்டதும் தச்சர் சட்டென்று நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த சீட்டை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

"தினமும்தான் வர்றாரு," என்றாள் கவுண்டர் அக்கா. "மெசேஜ் வந்துச்சான்னு கேட்டோம். வரலைன்னாரு. வரலைன்னா ரெடியாகலைன்னுதானே அர்த்தம்? மெசேஜ் இல்லாம வர்றவங்களுக்கெல்லாம் தேடிப் பாக்காதீங்க, சர்வர் தாங்காதுன்னு நீதானே சொல்லி வெச்சிருக்க?"

சொன்னது உண்மைதான். "சரி சரி, பத்து நிமிஷம். எழுப்பிடறேன்," என்று அவரிடம் சொல்லிவிட்டு, படிக்கு அடியில் போய் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள்.

எழுப்பினாள். எழுந்தது. பிரிண்டர் கரகரத்தது, வெளியே ஒரு பெருமூச்சே கேட்டது. முதலாளி மாடியிலிருந்து போன் செய்தார்.

"என்னம்மா, வந்துடுச்சா?"

"வந்துடுச்சு சார்."

வைத்து மூச்சு விடுவதற்குள் படுத்துவிட்டது. மறுபடி போன்.

"வந்துடுச்சுன்ன, நான் பாக்கறப்ப இல்லையே!"

"இருந்துச்சு சார். இப்பதான் போச்சு."

"நல்லா பாரும்மா."

நல்லாப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டா வேலை செய்கிறேன் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். டிஸ்க் நிறைந்துவிட்டதா என்று பார்த்தாள். இடம் தாராளமாக இருந்தது. முந்தின இரவு எடுத்த நகலில் ஏதாவது சிக்கலா என்று பார்த்தாள்; நகல் ஒழுங்காக எடுத்து முடிந்திருந்தது. பெட்டியைத் திறந்து மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். மறுபடி எழுப்பினாள். எழுந்தது. "வந்துடுச்சா?" "வந்துடுச்சு சார்." போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் இரண்டு மூன்று பேருக்கு ரிப்போர்ட் துப்பும், தச்சரின் முறை வருவதற்குள் நின்றுவிடும். இடையிடையே கிளைகளிலிருந்து ஒருவர் மாற்றி ஒருவர் கூப்பிட்டு, "எங்களுக்கு மட்டும் வரலையா, எல்லாருக்குமே வரலையா?" என்று கேட்டார்கள். எல்லாருக்கும் என்று சொன்னால் அவர்களுக்கு என்ன ஆறுதலோ, "அப்ப சரி" என்று வைத்துவிட்டார்கள். கடுகுக்குத் தலை விண்ணென்று தெறித்தது.

நான்காவதோ ஐந்தாவதோ தடவை அவள் யாருக்கும் சொல்லாமல் எழுப்பினாள். சொல்லாமலே உட்கார்ந்து, சர்வர் உள்ளே என்னென்ன வேலை செய்கிறது என்று திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆச்சரியம், சர்வர் பாட்டுக்கு ஓடியது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஒரு குறையும் இல்லை. அப்போது போன் அடித்தது.

"என்னம்மா ஆச்சு, வந்துடுச்சா?"

"வந்துடு..." என்று ஆரம்பிக்கும்போதே திரையில் புதிதாக ஒரு கேள்வி முளைத்தது. டேட்டாபேஸிடம் யார் எதைக் கேட்டாலும் அது அங்கே ஒரு வரியாகத் தெரியும். மற்ற வரிகளெல்லாம் வந்து வந்து மறைந்துகொண்டிருந்தன. இது மட்டும் போகவில்லை. மெமரி மளமளவென்று ஏறியது. பாதி, முக்கால், முழுசு. சர்வர் படுத்தது.

கடுகுக்குப் பொறி தட்டியது. போனைக்கூட வைக்காமல் மாடிக்கு ஓடினாள்.

முதலாளி அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி. அதில் வண்ண வண்ணமாகக் கட்டங்களும் கோடுகளும் வர இடம் விட்டிருந்தது; நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முதலாளி கையிலிருந்த போனில் கட்டைவிரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். சோபாவில் அவர் மகளைக் கட்டிய மாப்பிள்ளை லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டர் படித்த மாப்பிள்ளை. கொஞ்ச நாளாக லேபை நவீனமாக்குகிறேன் என்று வந்துபோய்க்கொண்டிருந்தார்.

"சார், என்ன பண்றீங்க?"

"சர்வர் வந்துடுச்சான்னு பாக்கறேன்மா. நீ வந்துடுச்சுங்கற, நான் தொட்டா வர மாட்டேங்குது."

"எதைத் தொட்டு?"

"இதைத்தான். மாப்பிள்ளை போட்டுக் குடுத்த ரிப்போர்ட்டு. எத்தனை குடும்பம் திரும்பத் திரும்ப நம்மகிட்ட வருதுன்னு ஒரே பார்வையில தெரிஞ்சிடும். நேத்து வரைக்கும் ஒரு மாசக் கணக்குதான் காட்டிச்சு. லேப் ஆரம்பிச்ச நாள்லேருந்து வேணும்னு கேட்டேன், நேத்து சாயங்காலம் மாத்திக் குடுத்தாரு."

கடுகு கண்ணை ஒரு முறை மூடித் திறந்தாள். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு தடவையும் அதன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். அவள் நேரே போய் டிவியின் ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"சார், அந்தப் போனைக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"குடுங்க சார்."

முதலாளி கொடுத்துவிட்டார். கடுகு அதை அணைத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"பதிவு அட்டவணையையும் ரிப்போர்ட் அட்டவணையையும் எதை வெச்சு ஜாயின் பண்ணீங்க?"

"போன் நம்பரை வெச்சு."

"பதிவு எண்ணுன்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு? அழகுக்கா?"

"அது ஆளுக்கு ஒண்ணு. மாமா கேட்டது குடும்பக் கணக்கு. ஒரு வீட்டுல அப்பா, அம்மா, பிள்ளைன்னு யார் வந்தாலும் ஒரே போன் நம்பர்தானே குடுப்பாங்க?" என்றார் அவர். முட்டாள்தனமான பேச்சு இல்லை. அதுதான் கடுகுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நாலு பேர் வீடுன்னா, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு, ஒவ்வொண்ணும் ஒவ்வொண்ணோட சேர்ந்து பதினாறு வரி வரும். அதுக்கெல்லாம் சர்வர் சாகாது. சாகுதுன்னா உள்ள எங்கயோ ஒரு பெரிய குடும்பம் இருக்கு." அவளே சொல்லிவிட்டு அவளே யோசித்தாள். "ரொம்பப் பெரிய குடும்பம்."

மாப்பிள்ளையின் ரிப்போர்ட்டை சர்வர் பக்கமே வரவிடாமல் அடைத்துவிட்டுப் பெட்டியை எழுப்பினாள். ஆனால் காலையிலிருந்து நடுவழியில் விழுந்து விழுந்து எழுந்ததில் அது இப்போது முரண்டு பிடித்தது. எதை எழுதினேன், எதை விட்டேன் என்று முதலிலிருந்து சரிபார்த்துக்கொண்டுதான் கதவைத் திறப்பேன் என்று நின்றுவிட்டது. அவசரப்படுத்தினால் இருப்பதும் கெடும். குறைந்தது ஒரு மணி நேரம் ஆகும் என்று கடுகுக்குத் தெரியும். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

வெளியே எட்டிப் பார்த்தாள். தச்சர் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் பார்வை பட்டதும் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். கடுகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

காத்திருக்கிற நேரத்தில் அந்தப் பெரிய குடும்பம் எது என்றாவது பார்ப்போம் என்று, முந்தின இரவின் நகலைத் தன் லேப்டாப்பில் திறந்து, எந்தப் போன் நம்பரின் கீழ் அதிகம் பேர் இருக்கிறார்கள் என்று கேட்டாள். பதில் வந்தது. ஒரே நம்பரின் கீழ் ஒரு சின்ன ஊரையே குடிவைக்கிற அளவுக்கு ஆட்கள். கிழவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், எல்லாக் கிளைகளிலிருந்தும். நம்பரைப் பார்த்தாள். எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கடைசி எண்களை இன்னொரு முறை வாய்விட்டுப் படித்தாள்.

அவளுடைய நம்பர்.

லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு கவுண்டருக்குப் போனாள்.

"அக்கா, இங்க பாருங்க. இது யார் நம்பர்?"

கவுண்டர் அக்கா எட்டிப் பார்த்தாள். தயக்கமே இல்லாமல் தன் மானிட்டரின் விளிம்பைத் தட்டிக் காட்டினாள். அங்கே, ஒவ்வொரு கிளையின் ஒவ்வொரு மானிட்டரிலும் கடுகே தன் கையால் ஒட்டிய ஸ்டிக்கர் இருந்தது. 'கோளாறா? கூப்பிடவும்' என்று எழுதி, கீழே அவள் நம்பர்.

"இதை ஏன் அக்கா எல்லாருக்கும் போட்டீங்க?"

"பின்ன வேற என்ன போடறது?" கவுண்டர் அக்காவுக்கும் கோபம் இருந்தது, பல வருஷக் கோபம். "போன் நம்பர் இல்லாம பதிவு உள்ள போகாதுன்னு வெச்சது யாரு? நீ. போன் இல்லாதவங்க வந்தா எல்லாம் ஒன்பதுன்னு போட்டோம், அதை அடைச்ச. எல்லாம் சைபர்னு போட்டோம், அதையும் அடைச்ச. ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா போட்டோம், பொய் நம்பர் போடறாங்கன்னு முதலாளிகிட்ட போட்டுக் குடுத்த. போன் இல்லேங்கறவங்களை ரத்தம் குடுக்காம வீட்டுக்குப் போங்கன்னா சொல்ல முடியும்? இது பொய் நம்பர் இல்ல. நிஜ நம்பர். உள்ள போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்டயா?" என்றாள் கவுண்டர் அக்கா. "யாருக்கு இருக்கு அந்தத் தைரியம்!"

பூட்டு மேல் பூட்டாகப் போட்டது அவள். கடைசியில் சாவி அவள் நம்பராகவே இருந்திருக்கிறது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவள் ஸ்டிக்கர் அடித்து ஒட்டி, கிளை கிளையாகப் போய்ச் செய்திருக்கிறாள்.

"இதுவும் அந்த நம்பரா பாருங்கம்மா," என்று தச்சர் நாலாக மடித்த சீட்டைப் பிரித்து நீட்டினார்.

பதிவு எண். மனைவி பெயர். கீழே, வாடிக்கையாளர் போன் நம்பர் இருக்கவேண்டிய இடத்தில், கடுகின் நம்பர்.

"உங்ககிட்ட போன் இல்லையா?"

"இருந்துச்சும்மா. ஏணியிலேருந்து தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துடுச்சு. இவளுக்குச் சரியானப்புறம் வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன்."

கடுகு தன் கைப்பைக்குள்ளிருந்து போனை எடுத்தாள். ஒதுக்குப் பெட்டியைத் திறந்து சீட்டிலிருந்த பதிவு எண்ணைத் தேடினாள். இருந்தது. 'தங்கள் முடிவு தயார்.' நாலு நாளுக்கு முந்தைய தேதி.

ரிப்போர்ட் காகிதங்களின் படங்கள் சர்வரில் இல்லை, வெளியே வேறோர் இடத்தில் இருந்தன. பெட்டியின் பாரத்தைக் குறைக்க அவளே செய்த ஏற்பாடு. இணைப்பைத் தொட்டாள். உடனே திறந்தது. பெயர், வயது, எல்லாம் சரியாக இருந்தது. ரத்தம் உறைகிற நேரமும் ஒழுங்காக இருந்தது. சர்வரை எழுப்பப் பாடாய்ப் பட்டாளே, அந்தக் காலை முழுக்க அவருக்கு வேண்டிய காகிதம் அவள் பையில்தான் இருந்தது. நேற்றும் முந்தாநாளும் சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அதே இணைப்பை லேப்டாப்பிலும் திறந்து நேராகப் பிரிண்டருக்கு அனுப்பினாள். கரகரவென்று காகிதம் வந்தது. தச்சர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நான் இந்த நம்பருக்குக் காலையில கூப்பிட்டேன்மா," என்றார். "நேத்தும் கூப்பிட்டேன், டீக்கடைப் போன்லேருந்து. சீட்டுல நம்பர் போட்டிருக்கே, லேப் நம்பர்தான் போலன்னு நெனச்சுட்டேன். ஒரு அம்மா எடுத்து, போலீஸ்ல சொல்லுவேன்னாங்க."

கவுண்டர் அக்கா திடீரென்று பேனா தேட ஆரம்பித்தாள்.

"அது நான்தாங்க," என்றாள் கடுகு.

"தெரியும்மா. நீங்க உள்ள வந்து பேசினதுமே குரல் தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்க ஓடி ஓடி வேலை பாத்துட்டு இருந்தீங்க. கோபப்பட்டு நிறுத்திட்டீங்கன்னா என்ன பண்றதுன்னுதான்."

கடுகுக்கு அவமானமாக இருந்தது. காது மடலெல்லாம் எரிந்தது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தாள். வந்த வார்த்தை, "வண்டியில ஏறுங்க, போகலாம்" என்பதுதான். ஸ்வெட்டரைக் கழற்றிக் கவுண்டரில் எறிந்தாள். மாடிப்படியில் முதலாளி வந்து நின்றார்.

"எங்கம்மா போற? சர்வர் இன்னும் வரலையே!"

"அது கணக்குப் பாத்துட்டு இருக்கு சார். தானா எழுந்துக்கும். யாரும் எதையும் தொடாம இருந்தா போதும்."

"என் போன் எங்க?"

"இழுப்பறையில. அங்கயே இருக்கட்டும்."

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்த தச்சர், காகிதம் பறக்காமல் சட்டைக்குள் செருகி மேலே கையை வைத்துக்கொண்டார். சிக்னலில் நின்ற பஸ்ஸை, தெருவை அடைத்து நின்ற தண்ணீர் லாரியை, குறுக்கே போன ஒரு நாயை, எல்லாரையும் கடுகு வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஓட்டினாள். மருத்துவமனையில் இரண்டாம் மாடிக்குப் படியேறி ஓடினார்கள். பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. காகிதத்தை வாங்கிய நர்ஸ், "இவ்வளவு நேரமா? அடுத்த ஆளைக் கூப்பிடச் சொல்லிட்டாங்க, தெரியுமா?" என்று கடுகைப் பிடித்துத் திட்டினாள். வேறு நாளாயிருந்தால் அந்த நர்ஸ் உண்டு இல்லை என்றாகியிருப்பாள். அன்று கடுகு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள்.

நர்ஸ் உள்ளே போனாள். கதவு மூடியது. தச்சர் அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கடுகு, காலையில் அடைத்துவைத்த அந்த டீக்கடை நம்பரை அவர் கண்ணெதிரே போனில் திறந்துவிட்டு, "ஏதாவதுன்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

லேபுக்குத் திரும்பியபோது சர்வர் எழுந்து உட்கார்ந்திருந்தது. பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை படிக்கு அடியில் அவள் அறைக்கே வந்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பதிவு எண்ணை வைத்து ஜாயினை மாற்றினார்கள். குடும்பக் கணக்கு வேண்டுமானால் அதற்குத் தனியாக ஓர் எண் கொடுத்துச் செய்வோம் என்று பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் ரிப்போர்ட் இனிமேல் சர்வரின் நகலில்தான் ஓடும், சர்வரில் ஓடாது என்று கடுகு கறாராகச் சொன்னாள். ஏசிக் குளிரில் மாப்பிள்ளைக்கும் மூக்கு ஒழுக ஆரம்பித்ததில் அவளுக்கு அற்பமாக ஒரு சந்தோஷம். பதிவில் போன் நம்பர் கட்டாயம் என்பதை எடுத்தாள். 'போன் இல்லை' என்று தட்ட ஒரு பொத்தான் வைத்தாள். அப்படித் தட்டினால் அந்த ஆள் நேரில் வரும்போது பெயரைச் சொன்னாலே போதும், தேடிக் கொடுக்க வேண்டும் என்று கவுண்டருக்குச் சொன்னாள்.

"சர்வர் தாங்குமா?" என்றாள் கவுண்டர் அக்கா.

"தாங்கும் அக்கா. தாங்காட்டி நான் பாத்துக்கறேன்."

அதற்கப்புறம் ஒதுக்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தாள். பெரும்பாலானவர்கள் எப்படியோ வந்து ரிப்போர்ட்டை வாங்கிப் போயிருந்தார்கள். வாங்காமலே போனவர்களும் இருந்தார்கள். அவற்றில் சில ரிப்போர்ட்டுகளின் அடியில், 'உடனே மருத்துவரைப் பார்க்கவும்' என்று இருந்தது. அவற்றைத் தனியாக எடுத்து, விலாசம் தேடி, வீடு வீடாக ரத்தம் எடுக்கப் போகும் ஆட்களிடம் கொடுத்தாள். பழைய தேதி போட்டவற்றைப் பார்க்கும்போது கோபித்துக்கொள்ள ஆள் தேடினாள். மெசேஜ் கம்பெனியை நினைத்தாள், கவுண்டரை நினைத்தாள், மாப்பிள்ளையை நினைத்தாள். ஒருவர் மேலும் கோபம் ஒட்டவில்லை.

சாயங்காலம் முதலாளி படியிறங்கி வந்து, போனைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். டிவி ப்ளக்கை மாட்டலாமா என்று கேட்டார். அதற்கு அவள் பதில் சொல்லும் முன்பே அவள் போன் அடித்தது.

தெரியாத நம்பர். டீக்கடை நம்பர்கூட இல்லை. கை பழக்கத்தில் துண்டிக்கிற பக்கம் போனது. பாதியில் இழுத்து, எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ."

மறுபக்கம் வண்டிச் சத்தம். யாரோ அவசரமாகத் தொண்டையைச் செருமினார்கள்.

"அம்மா, வெச்சுடாதீங்க," என்றது தச்சரின் குரல்.

"என்னம்மா, டிவியை மாட்டவா வேண்டாமா?" என்றார் முதலாளி.

கடுகு அவரைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வைக்கல," என்றாள் போனில். "சொல்லுங்க, எப்படி இருக்காங்க?"